இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்

நியூஜெர்சியின் எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் மேசை இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, அரசு ஊழியரும் இல்லை. ஒரு தொண்டு அமைப்பில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு, உணவு வாங்க உதவும் ஃபுட் ஸ்டாம்ப் என்று அரசு தரும் எதற்காவது மனுப் போட வருகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது, காகிதங்களைச் சேர்த்து ஏற்றுவது, கவுண்டி ஆபீஸுக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் அதே இசையைக் கேட்டுக்கொண்டிருப்பது, இதுதான் தொழில். கும்பகோணத்தில் தாலுகா ஆபீஸ் வாசல் மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். அப்பா பட்டா மாறுதலுக்கு அவர்களில் ஒருவரிடம் எழுதி வாங்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். "யார் பேர்ல இருக்கு? எப்பக் கிரயம் ஆச்சு?" என்று இரண்டே கேள்விதான் அவர் கேட்டார். என் தொழிலும் ஏறக்குறைய அந்த இரண்டு கேள்விதான் என்பது எனக்குப் புரியச் சில வருஷம் பிடித்தது.

வருகிறவர்கள் முதலில் கஷ்டத்தைத்தான் சொல்வார்கள். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, ஆஸ்பத்திரி பில் எல்லாவற்றையும் மேசையில் பரப்புவார்கள். நான் அதையெல்லாம் ஓரமாக நகர்த்திவிட்டு, "முதல்ல கார்டைக் காட்டுங்க" என்பேன். கல்நெஞ்சக்காரி என்று எத்தனை பேர் மனசுக்குள் திட்டினார்களோ! ஆனால் வருமானம் என்பது மூன்றாவது கேள்வி. இந்த நாட்டில் நீங்கள் எந்த வகை என்பது முதல் கேள்வி. அந்த வகை எந்தத் தேதியிலிருந்து என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் தேறாதவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அந்த ஏழ்மைக்கு மதிப்பில்லை.

இந்த வரிசையை எழுதி வைத்தது 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம். நலத்திட்டங்களைச் சீர்திருத்துகிறோம் என்று கொண்டுவந்த அந்தச் சட்டத்தில் குடியேறியவர்களுக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு. கிரீன் கார்டுக்காரர், அகதி, தஞ்சம் பெற்றவர் என்று சிலரை மட்டும் 'தகுதியுள்ளவர்' பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டாலும், அந்தத் தேதிக்குப் பிறகு வந்த கிரீன் கார்டுக்காரருக்கு மத்திய அரசின் மெடிகெய்டு போன்றவை முதல் ஐந்து வருஷம் கிடையாது. எச்1பி வேலை விசாவில் வந்து வருஷக்கணக்காக வரி கட்டுகிறவர் பட்டியலிலேயே இல்லை. "மாசாமாசம் இவ்வளவு டாக்ஸ் புடிக்கிறாங்களே மேடம்" என்று கேட்காத எச்1பிக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. வரி கட்டுவது ஒரு கணக்கு, தகுதி வேறொரு கணக்கு. இரண்டு பேரேடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

அந்த ஐந்து வருஷத்தையும் 1996-இல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முதியோருக்கான மெடிகேரில் அது ஏற்கெனவே இருந்தது. ஃபுளோரிடாவில் டயஸ் என்ற கியூப அகதி உள்ளிட்ட முதியவர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1976-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1971-இல், இதே நீதிமன்றம் அரிசோனா மாநிலத்திடம் வேறு மாதிரி பேசியிருந்தது. குடியுரிமை இல்லாதவர் 15 வருஷம் இங்கே வாழ்ந்திருந்தால்தான் உதவி என்று அந்த மாநிலம் வைத்திருந்த விதியைச் செல்லாது என்றது. மாநிலம் பாகுபாடு காட்டக் கூடாதாம், மத்திய அரசு காட்டலாமாம். சட்டம் படித்தவர்கள் இதற்கு அழகான விளக்கம் சொல்கிறார்கள். நானும் பயிற்சி வகுப்பில் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைச் சொல்லிப் புரிய வைக்க இதுவரை முடிந்ததில்லை.

தமிழர்களில் என்னிடம் அதிகம் வருகிறவர்கள் பெற்றோர்கள். மகனோ மகளோ சிட்டிசன் ஆன கையோடு அப்பா அம்மாவுக்கு மனுப் போட்டு கிரீன் கார்டில் கூட்டி வந்துவிடுவார்கள். கார்டில் 'வகை' என்ற இடத்தில் ஐஆர்5 என்று இருக்கும். அதைப் பார்த்ததுமே அடுத்து என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "அறுபத்தஞ்சு ஆயிடுச்சு, மெடிகேர் வந்துடும்ல?" வராது. இங்கே பத்து வருஷம் வேலை பார்த்து 40 காலாண்டுக் கணக்கு சேர்த்தவருக்கு அல்லது அவருடைய துணைக்குத்தான் ஆஸ்பத்திரிப் பகுதி இலவசம். மற்றவர்கள் கார்டோடு ஐந்து வருஷம் தொடர்ந்து இங்கே வாழ்ந்தபின் விலைக்கு வாங்கலாம். 2025 கணக்குப்படி ஆஸ்பத்திரிப் பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் பகுதிக்கு 185 டாலர், இரண்டு பேருக்குச் சேர்த்தால் 1,406 டாலர். இதைச் சொன்னதும் மகன் செல்போனில் கால்குலேட்டரைத் திறப்பான். அப்பா ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொள்வார். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் ஊரில் என்று அறுவடைக்கும் பேரன் பிறந்தநாளுக்குமாகப் பறக்கிறவர்களுக்கு அந்த 'தொடர்ந்து ஐந்து வருஷம்' என்ற எண்ணிக்கையும் சிக்கலாகிவிடும். பாஸ்போர்ட் முத்திரைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்ப்பேன்.

ஒரு அம்மா தனியாக வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். பேத்தியின் பள்ளி பஸ் போன பிறகு, மருமகள் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் நேரம் பார்த்து, ஒன்றரை மைல் நடந்தே வந்திருந்தார். "எனக்குன்னு மாசம் ஐநூறு டாலர் வந்தாப் போதும்மா. ஒரு ரூம் எடுத்துட்டுப் போயிடுவேன்." முதியவர்களுக்கும் ஊனமுற்றோருக்கும் மத்திய அரசு தரும் எஸ்எஸ்ஐ தொகையைப் பற்றி கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1996-க்குப் பிறகு வந்த கிரீன் கார்டுக்காரருக்கு அது ஐந்து வருஷத்திலும் வராது. 40 காலாண்டு வேண்டும், அல்லது சிட்டிசன் ஆக வேண்டும். பேத்தியை வளர்த்த காலாண்டுகள் கணக்கில் இல்லை. அடுத்ததை எப்படிச் சொல்வதென்று தயங்கித்தான் சொன்னேன். கார்டு வாங்கும்போது உங்கள் மகன் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வறுமைக்கோட்டுக்கு 125 சதவீதம் என்ற அளவுக்கு உங்களை நான் பராமரிப்பேன் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் சிட்டிசன் ஆகும்வரை, அல்லது அந்த 40 காலாண்டு சேரும்வரை அது அவரைக் கட்டும். அவர் செய்யவில்லை என்றால் நீங்களே கோர்ட்டில் கேட்கலாம்.

அந்த அம்மா சிரித்தார். "நல்லா இருக்கே! பெத்த புள்ள சோறு போடுவான்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்துருக்கானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" பிறகு கைப்பையைத் திறந்து, வாழை இலையில் மடித்த நாலு அதிரசத்தை மேசையில் வைத்துவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். கேஸ் போடுகிற ஜாதி இல்லை அவர். அந்தச் சட்டப் பிரிவைத் தமிழ் அம்மா ஒருத்தி பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

2016 மார்ச். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். நியூஜெர்சியில் வண்டிக்காரர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ள சட்டம் விடாது. 1949-இலிருந்தே அப்படி. அதனால் பனியிலும் வெயிலிலும் பம்புக்குப் பக்கத்தில் நம்மவர்கள் யாராவது நிற்பார்கள். இவருக்கு ஐம்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத் தமிழ், குறைந்த பேச்சு. மணிக்கு 8.38 டாலர், மாநிலத்தின் அன்றைய குறைந்தபட்சக் கூலி. வாரத்துக்கு முப்பது மணி நேரம்தான் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோய் முற்றிவிட்டது. அந்த வருமானத்துக்கு மெடிகெய்டு தாராளமாகக் கிடைக்கும். 2014-இலிருந்து எங்கள் மாநிலத்தில் வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை தனி ஆட்களுக்கும் உண்டு.

கார்டை வாங்கிப் பார்த்தேன். 'குடியிருப்பாளர் ஆன தேதி' 2014. மனசுக்குள் ஐந்தைக் கூட்டினேன். ஜெராக்ஸ் எடுத்து, அதன் மூலையில் சிவப்பு மையால் '5 வருஷம், 2019' என்று எழுதினேன். "இப்ப மெடிகெய்டு வராது சார். மார்க்கெட்ல மானியத்தோட இன்சூரன்ஸ் வாங்கலாம், ஆனா இந்த வருஷத்துக்கான பதிவு ஜனவரியோட முடிஞ்சுபோச்சு. நவம்பர்ல வாங்க" என்றேன். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிகளில் 'சாரிட்டி கேர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, யார் என்ன வகை என்று பார்க்காமல் ஏழைகளுக்குக் கட்டணத்தைக் கழிப்பார்கள் என்று சொல்லி ஒரு தாளையும் கொடுத்தேன். அவர் அந்தத் தலைப்பைப் படித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷக் கடைசியில் நூவர்க்கில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. பாடம் நடத்திய வக்கீல் அம்மா திரையில் ஒரு மாதிரி கிரீன் கார்டைப் போட்டு, "தேதியைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்" என்று 'வகை' என்ற இடத்தில் விரலை வைத்தார். ஐஆர்5 என்றால் சிட்டிசனின் பெற்றோர், அது எனக்கே தெரியும். ஆர்இ6 என்றால் அகதியாக வந்து பின்பு கார்டு வாங்கியவர். ஏஎஸ்6 என்றால் இங்கே வந்து தஞ்சம் கேட்டு, கிடைத்து, பின்பு கார்டு வாங்கியவர். இவர்களுக்கு மெடிகெய்டிலும் ஃபுட் ஸ்டாம்பிலும் அந்த ஐந்து வருஷக் காத்திருப்பு கிடையாது. கார்டு எல்லோருடையதும் ஒரே பச்சைதான். தகுதியை மாற்றுவது இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்.

மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஆபீஸுக்குத் திரும்பி அலமாரியைக் குடைந்தேன். ஜெராக்ஸ் கிடைத்தது. ஏஎஸ்6. நான் சிவப்பு மையால் எழுதியதற்கு நேர் கீழே, அரை அங்குலம் தள்ளி.

போன் செய்தபோது பின்னணியில் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "நான் அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லேல்லைதானே பிள்ளை" என்றார், தவறு தன்னுடையது போல. மறுநாள் மனுப் போட்டோம். மெடிகெய்டில் முந்தைய மூன்று மாத பில்லையும் கேட்டு வாங்கலாம் என்பதால், பில் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். ஒன்றும் இல்லை. எட்டு மாதமாக அவர் டாக்டரிடமே போகவில்லை. சீட்டு இல்லாமல் கடையில் 25 டாலருக்குக் கிடைக்கும் பழைய ரக இன்சுலினை வாங்கி, தானாக அளவு வைத்துப் போட்டிருக்கிறார், சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்கும்படி குறைத்துக் குறைத்து. இடது கால் கட்டைவிரலில் புண் ஆறவேயில்லை. 'சாரிட்டி கேர்' தாளைப் பற்றிக் கேட்டேன். "தர்ம ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு இன்னும் வரேல்லை எண்டு நினைச்சன்" என்றார்.

விரலை எடுக்க வேண்டி வரவில்லை. அது டாக்டரின் புண்ணியம், என்னுடையது அல்ல.

அன்றைக்கு நான் 'எப்போது கார்டு வந்தது' என்று கணக்குப் போட்டதற்குப் பதில் 'எப்படி வந்தீர்கள்' என்று கேட்டிருக்க வேண்டும் என்று சில வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் சரியில்லை என்று பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம், மேசைக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, மூன்று பேர் வரிசையில் நிற்கும்போது, எப்படி வந்தீர்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? தஞ்ச மனுவுக்காக அந்தக் கதையை அதிகாரி முன் சொல்லி, நீதிபதி முன் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வாய்வழியே திரும்பக் கேட்டு, ஓய்ந்து போனவர்கள் இவர்கள். நான் ஒருத்தி கேட்காமல் இருக்கலாம். கார்டு அதைத் தன் பாஷையில் சொல்லிவிடுகிறது, படிக்கத் தெரிந்தால் போதும். இன்றுவரை அவர் எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போதிலிருந்து நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறேன்.

சட்டம் வெறுங்கையோடு அனுப்பியவர்களைச் சொன்னேன், நான் அனுப்பியவரையும் சொன்னேன். ஆனால் என் மேசையிலிருந்து அதிகம் பேரை எழுப்பி அனுப்பியது பயம்தான். 'பொதுச் சுமை' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. 1882-இலிருந்து குடியேற்றச் சட்டத்தில் கிடக்கிறது. அரசுக்குப் பாரமாகிவிடுவார் என்று தோன்றினால் ஒருவருக்கு விசாவையோ கிரீன் கார்டையோ மறுக்கலாம். வெகுகாலம் அதில் பணமாக வாங்கும் உதவியையும், அரசுச் செலவில் நீண்ட நாள் பராமரிப்பு இல்லத்தில் இருப்பதையும்தான் கணக்கில் எடுத்தார்கள். 2018 அக்டோபரில், ஃபுட் ஸ்டாம்பையும் மெடிகெய்டையும் அதில் சேர்க்கப் போகிறோம் என்று ஒரு வரைவு வந்தது. 2019 ஆகஸ்டில் அது விதியானது. 2020 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 2021 மார்ச்சில் கைவிடப்பட்டது. ஆக, விதி உயிரோடு இருந்தது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். பயம் 2018-லேயே வாட்ஸாப்பில் ஏறிவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

அந்த விதி வெளியான நேரத்தில் ஒரு இளம் தம்பதி. அவன் எச்1பி. கன்சல்டிங் கம்பெனி ஒன்று அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது, சம்பளமும் இல்லாமல். அது சட்டப்படி தப்பு என்று அவனுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். அவள் ஆறு மாதக் கர்ப்பம், ரத்தம் குறைவு. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பால், முட்டை, பருப்பு, பழம் தரும் 'விக்' திட்டத்தில் முந்தைய மாதம்தான் சேர்த்துவிட்டிருந்தேன். அங்கே யாருடைய விசாவையும் கேட்பதில்லை. ஒரு திங்கட்கிழமை இருவரும் வந்து, அதை ரத்து செய்ய வேண்டும் என்றார்கள். கிரீன் கார்டு வரிசை இருக்கிறதே, நாளைக்கு அதில் கை வைத்துவிட்டால்?

விதியை அச்செடுத்து வைத்திருந்தேன். வரிக்கு வரி காட்டினேன். 'விக்' இதில் இல்லை தம்பி, இதற்கு முன்பும் இருந்ததில்லை. பிறக்கப் போகிற குழந்தை சிட்டிசன், அதற்கு வருவது உங்கள் கணக்கில் ஏறாது. கர்ப்பகாலத்து மெடிகெய்டைக்கூட அவர்களே விட்டுவிட்டார்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க சொல்றது இன்னிக்கு. இவங்க நாளைக்கு என்ன எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றான். எனக்கு என்ன தெரியும்? அவள் ஒன்றும் பேசாமல் அந்த விக் சீட்டை உறையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். நான் அதைத் திருப்பித் தள்ளினேன். அவள் மறுபடி வைத்தாள்.

அவன் சொன்னது தவறு என்று 2019-இல் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2022-இல் பழைய வழக்கத்தையே விதியாக எழுதினார்கள். 2025 நவம்பரில் அதையும் எடுத்துவிடும் வரைவை வெளியிட்டார்கள். 'விக்' வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்றும் மனசு வராது. ஆனால் பயப்படுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று பேசுவதை நிறுத்திவிட்டேன்.

போன வருஷம் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், பெட்ரோல் பங்க் அண்ணா வந்தார். இப்போது அவர் சிட்டிசன், பங்க்கில் ஷிஃப்ட் மேனேஜர். கூட ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "என்ர அக்காவின்ர மகன் பிள்ளை. இவருக்குக் கடிதம் வந்திட்டுது." தஞ்சம் கொடுக்கப்பட்டது என்ற கடிதம், பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல் இருந்தது. பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

பத்து வருஷம் முன்பு என்றால் அந்தக் கடிதத்தை வைத்து அன்றைக்கே ஃபுட் ஸ்டாம்புக்கும் மெடிகெய்டுக்கும் சேர்த்து மனுப் போட்டிருப்பேன். 1996 சட்டமே ஐந்து வருஷக் காத்திருப்பில் தொடாமல் விட்டுவைத்த ஆட்கள் இவர்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதுச் சட்டம் தொட்டுவிட்டது. ஃபுட் ஸ்டாம்ப் இனிமேல் சிட்டிசன், கிரீன் கார்டுக்காரர், கியூபா, ஹைத்தியிலிருந்து வந்த சிலர், சில பசிபிக் தீவுக்காரர்கள் என்பதோடு சரி. தஞ்சம் பெற்றவர் கார்டு வரும்வரை வெளியே. மெடிகெய்டு அவருக்கு இப்போதைக்கு உண்டு, 2026 அக்டோபர் 1 முதல் அங்கேயும் இதே பட்டியல்தான். இதையெல்லாம் சொன்னேன். பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"சாப்பாடு ஒரு பிரச்சினையில்லை பிள்ளை, என்னோடதானே இருக்கிறார்" என்றார் அண்ணா. "இவருக்குக் கார்டு வரேக்க அதில அந்த எழுத்து இருக்கும்தானே?"

இருக்கும் என்றேன். ஒரு வருஷம் இங்கே இருந்து முடிக்க வேண்டும், அதற்கு மேல் அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம். மெடிகெய்டு ஃபாரத்தை நிரப்பத் தொடங்கினேன். எப்படி வந்தீர்கள் என்று அதில் கேள்வி இல்லை, எந்தக் காகிதம் என்றுதான் இருக்கிறது. கடிதத்தில் இருந்த 'ஏ' நம்பரின் ஒன்பது இலக்கங்களையும் பையன் மெதுவாகப் படித்துச் சொன்னான். முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டில் ஏஎஸ்6 என்று பெரிதாக எழுதி, "கார்டு வந்த உடனே இதோட ஒத்துப் பாருங்க தம்பி. வேற ஏதாவது இருந்தா அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க" என்று கொடுத்தேன். அவன் போன் உறையைக் கழற்றி, சீட்டை உள்ளே வைத்து, மறுபடி அழுத்தி மூடினான்.